முகச்சவரம் பழகுபவர்களுக்கு: ரேசர் தேர்வு முதல் எரிச்சல் இல்லாத ஷேவிங் வரை

புதிதாக ஷேவிங் பழகுபவர்கள் முதலில் கேட்பது "எந்த ரேசர் வாங்கலாம்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் முகத்தைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. முடி சுருட்டையா நேரானதா, அடர்ந்த தாடியா அரும்பு மீசையா, பரு இருக்கிறதா, கழுத்து முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிட்டால் ரேசர் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிளேடு தோலின் மேல் ஒவ்வொரு முறை போகும்போதும், முடியோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கிலிருந்தும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டுதான் போகிறது. ஓரிரு முறை என்றால் தோல் தாங்கிக்கொள்ளும், சீக்கிரமே தன்னைச் சரிசெய்தும் கொள்ளும். அதே இடத்தில் நாலைந்து முறை போனால் தாங்காது. கன்னம் மொழுமொழுவென்று ஆகியே தீர வேண்டும் என்ற பிடிவாதம்தான் பலருக்கு எரிச்சலையும் கட்டிகளையும் கொண்டுவருகிறது. லேசான சொரசொரப்பு மிச்சமிருக்கும்போதே ரேசரைக் கீழே வைக்கத் தெரிந்தவருக்குச் சாதாரண ரேசரே போதும். அது தெரியாவிட்டால் எவ்வளவு உயர்ந்த ரேசர் வாங்கியும் பயன் இல்லை.

முடியின் திசையைப் படிப்பது

ரேசர் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு மூன்று நாள் தாடியை அப்படியே வளர விடுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று, விரல் நுனியால் கன்னத்தை மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். அப்புறம் கீழிருந்து மேலாக. ஒரு பக்கம் தடவும்போது விரல் வழுக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் தடவும்போது குத்தும். வழுக்கும் பக்கம்தான் முடி வளரும் திசை.

கன்னத்தில் இது எளிது. பெரும்பாலானவர்களுக்குக் கிருதாவிலிருந்து தாடை வரை முடி கீழ்நோக்கித்தான் வளரும். சிக்கல் தாடை எலும்புக்குக் கீழே தொடங்குகிறது. அங்கே முடி கீழ்நோக்கி வரும் என்று நினைத்துக்கொண்டு விரலை ஓட்டினால், பாதிக் கழுத்தில் திடீரென்று குத்த ஆரம்பிக்கும். சிலருக்குக் கழுத்தின் அடிப்பகுதியில் முடி மேல்நோக்கி வளர்கிறது. சிலருக்குக் காதுப் பக்கத்திலிருந்து தொண்டையை நோக்கிக் குறுக்கே சாய்ந்திருக்கும். குரல்வளை மேட்டுக்குப் பக்கத்தில் சுழி விழுந்து, ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள்ளேயே மூன்று திசையில் முடி கிடப்பதும் உண்டு. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்றும் இல்லை.

ஒரு தாளில் முகத்தையும் கழுத்தையும் கோட்டுப்படமாக வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் முடி எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போட்டு வையுங்கள். கன்னம் இரண்டு, தாடை, முகவாய், மேலுதடு, கழுத்தின் மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்துக்கொண்டால் போதும். சின்னப் பிள்ளை வேலை மாதிரித் தோன்றலாம், ஆனால் கழுத்தில் எப்போதும் சிவந்து தடிக்கிறது என்று சொல்பவர்கள் பலர் முடியின் போக்கு தெரியாமல் எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருப்பவர்கள்தான். அந்தப் படத்தைச் சில வாரங்கள் கண்ணாடிப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அதற்குள் கை தானாகப் பழகிவிடும்.

எந்த ரேசர் யாருக்கு

கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற, பிளேடு மாற்றிப் போடும் சேஃப்டி ரேசர்தான் வீட்டிலேயே தினமும் சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தைப் பரவலாக்கியது. அதற்கு முன்னால் திறந்த கத்தியைத் தீட்டிப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1971இல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ், அதாவது பிளேடுகள் பொருத்தியே வரும், கழற்றி மாற்றும் ரேசர் தலை வந்தது, 1998இல் மூன்று பிளேடு, அப்புறம் நான்கு, ஐந்து என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பிளேடு கூடக் கூட ஷேவிங்கும் நன்றாகும் என்ற எண்ணம் அப்படித்தான் நம் மனதில் பதிந்துவிட்டது. தோலுக்கு அது அப்படி இல்லை.

பல பிளேடு ரேசர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். முதல் பிளேடு முடியை வெட்டும்போதே அதை மயிர்க்காலிலிருந்து லேசாக வெளியே இழுக்கிறது. அது திரும்ப உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வந்து இன்னும் கீழே வெட்டிவிடுகிறது. மிச்சமுள்ள முடி தோல் மட்டத்துக்கும் கீழே போய் ஒளிந்துகொள்கிறது. தடவிப் பார்த்தால் மழமழவென்று இருப்பது இதனால்தான். நேரான முடிக்காரருக்கு இதில் பெரிய தொல்லை இல்லை. சுருட்டை முடிக்காரருக்குத்தான் ஆபத்து. தோலுக்கு அடியில் கூராக வெட்டுப்பட்ட முடி, மறுபடி வளரும்போது வளைந்து பக்கவாட்டுச் சதையைக் குத்தும். இல்லையென்றால் வெளியே வந்து வளைந்து தோலுக்குள்ளேயே திரும்ப நுழையும். உடம்பு அதை முள் குத்திய மாதிரி எடுத்துக்கொண்டு வீங்குகிறது. இப்படி உள்ளேயே வளரும் முடிதான் உள்வளர்முடி. கழுத்திலும் தாடைக்கு அடியிலும் கொத்தாக வரும் கருத்த சின்னக் கட்டிகள் பெரும்பாலும் இதனால் வருபவைதான்.

ஆகவே சுருட்டை முடியும் கட்டி வரும் கழுத்தும் உள்ளவர்களுக்கு என் முதல் பரிந்துரை ட்ரிம்மர். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முடியை விட்டு வெட்டினால், தோலுக்குள் திரும்ப நுழைய வழியே இருக்காது. வேலைக்கோ வேறு காரணத்துக்கோ முழுக்க மழிக்க வேண்டியிருந்தால் ஒற்றை பிளேடு ரேசர் போதும்.

பூனை முடி மாதிரி அரும்பு மீசையும் அங்கங்கே நாலு தாடி முடியும் முளைத்திருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைக்கும் ட்ரிம்மரே நல்லது. பருக்கள் நிறைய இருந்தால் இன்னும் நல்லது. முதல் ஷேவிங்கை ஒரு சடங்கு மாதிரி பிளேடு வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை.

பிளேடால்தான் ஷேவ் செய்யப்போகிறேன் என்பவர்கள், இரண்டு அல்லது மூன்று பிளேடு உள்ள, தலை அசையும் கார்ட்ரிட்ஜ் ரேசரில் தொடங்கலாம். முகத்தின் வளைவுக்கு ஏற்பத் தலை தானே சாய்ந்துகொடுப்பதால், கோணத்தைப் பற்றிய கவலை பாதி குறையும். ஐந்து பிளேடு வேண்டாம். ஒரு முறை இழுத்தாலே தோல் மேல் ஐந்து முறை பிளேடு போன கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ரேசர் பயணத்துக்கு ஆகும், தினசரிக்கு வேண்டாம். மிக இலேசாக இருப்பதால் கை தானாக அழுத்தத் தொடங்கிவிடும்.

சேஃப்டி ரேசர், அதாவது பெரியவர்கள் ஷேவிங் செட் என்று சொல்லும், இரண்டு பக்கமும் விளிம்புள்ள பிளேடு மாட்டும் உலோக ரேசர், எனக்கு மிகப் பிடித்தது. ஒரே விளிம்புதான் தோலைத் தொடும். முடி தோல் மட்டத்திலேயே வெட்டுப்படும். பிளேடு மாற்றுவதும் எளிது. ஆனால் தலை அசையாது, கோணத்தை உங்கள் கைதான் பிடித்தாக வேண்டும். ஒரு மாதமாவது வேறு ரேசரில் கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள். இதற்கான பிளேடுகள் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு விதமான கூர்மையோடு வரும். ஒன்று எரிச்சல் தந்தால் ரேசரைக் குறை சொல்வதற்கு முன் பிளேடை மாற்றிப் பாருங்கள்.

எலக்ட்ரிக் ஷேவர் இரண்டு வகை. மெல்லிய துளைத் தகடு போட்டது ஒன்று, வட்டத் தலைகள் சுழல்வது இன்னொன்று. தகடு வகையை நேர்க்கோடாக, முடிக்கு எதிராக மெதுவாக நகர்த்த வேண்டும். வட்ட வகையைச் சின்னச் சின்ன வட்டங்களாக. பிளேடு நேரடியாகத் தோலைத் தொடாததால் வெட்டுக்காயம் அநேகமாக வராது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், காயம் ஆறத் தாமதமாகும் சர்க்கரை நோயாளிகளுக்கும், கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன், இதுதான். பிளேடிலிருந்து இதற்கு மாறினால் தோல் பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே சரிப்படவில்லை என்று தூக்கி வைத்துவிடாதீர்கள். ஈரத்திலும் ஓடும் என்று குறிப்பில் எழுதியிராத ஷேவரை, முகம் நன்றாகக் காய்ந்த பிறகே ஓட்டுங்கள்.

திறந்த கத்தியைப் புதியவர்கள் தொட வேண்டாம்.

ஷேவ் செய்தால் முடி தடிமனாகுமா

ஆகாது. 1928இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூறியலாளர் இதைச் சோதித்துப் பார்த்து, ஷேவ் செய்வதால் முடியின் தடிமனோ நிறமோ வளரும் வேகமோ மாறவில்லை என்று எழுதினார். பின்னால் வந்த சோதனைகளும் அதையேதான் காட்டின. தானாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்து கூராக இருக்கும். பிளேடு அதை நடுவில் வெட்டும்போது முனை தட்டையாகிவிடுகிறது. அது முளைத்து வரும்போது விரலில் குத்துவதால் தடித்துவிட்டதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். சீக்கிரம் தாடி வரட்டும் என்று வெறும் கன்னத்தை வழித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும், தடித்துவிடுமோ என்று பயந்து மேலுதட்டு முடியோடு தவிக்கும் பெண்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்களும் தாராளமாக முகத்தை ஷேவ் செய்யலாம், கீழே சொல்லும் முறை அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் முகவாயில் கரடுமுரடான முடி திடீரென்று அதிகமாக முளைத்தால் அதற்கு ஹார்மோன் காரணம் இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பிளேடைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

முடி தண்ணீரை உறிஞ்சினால் ஊறி மென்மையாகும், வெட்டக் குறைந்த விசை போதும். உலர்ந்த முடி பிளேடுக்கு எதிர்த்து நிற்கும், பிளேடு அதை வெட்டுவதற்குப் பதிலாக இழுக்கும். அந்த இழுப்புதான் முதல் எரிச்சல்.

ஊறாத முடி பிளேடையும் கெடுக்கும். பிளேடின் எஃகோடு ஒப்பிட்டால் முடி ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு சில ஷேவிங்கிலேயே ஏன் மழுங்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2020இல் எழுதினார்கள். விளிம்பு சீராகத் தேய்வதை விட, முடி வளைந்துகொடுத்துச் சாய்வாக மோதும்போது எஃகில் சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்வதுதான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். நாம் மழுங்கல் என்று சொல்வதில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத பல் விழுந்த விளிம்பு. அது தோலில் போனால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்வதே மிக நல்ல வழி. அது முடியாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் முகத்தைக் கழுவி, அதே நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம், அது தோலில் உள்ள எண்ணெய்ப் பசையைக் கழுவிக்கொண்டு போய்விடும். நீளமான தாடி என்றால் முதலில் ட்ரிம்மரால் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத் தாடியை நேரே பிளேடால் வழிக்க முயன்றால் பிளேடு நடுவழியில் சிக்கிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது நுரை. குளியல் சோப்பு வேண்டாம், அதன் நுரை சீக்கிரம் உலர்ந்துவிடும், தோலும் வறண்டு இழுக்கும். ஷேவிங் கிரீம், ஜெல், ஷேவிங் சோப்பு எதுவானாலும் சரி. தோலில் சீக்கிரம் எரிச்சல் வருபவர்கள் வாசனையும் மென்தாலும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சில்லென்று இருப்பதால் நல்லது என்று அர்த்தமில்லை. பிரஷ் இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து, உதறி, கொஞ்சம் கிரீம் எடுத்து முகத்தில் வட்ட வட்டமாகச் சுற்றுங்கள். படிந்து கிடக்கும் முடி நிமிர்ந்து நிற்கும், நுரை அடிவரை போகும். கடைசியில் சுவருக்கு வெள்ளையடிப்பது போல மேலும் கீழுமாக நாலு இழுப்பு இழுத்துச் சமப்படுத்துங்கள். பரு இருக்கும் இடத்தில் பிரஷை விட விரல்தான் பாதுகாப்பு.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலன் பெரியது: நுரையை முதலில் மேலுதட்டிலும் முகவாயிலும் பூசுங்கள், ஷேவ் செய்யும்போது அவற்றைக் கடைசியாக எடுங்கள். முகத்திலேயே தடித்த முடி அங்கேதான் இருக்கிறது, அதுவே அதிக நேரம் ஊற வேண்டும். பூசி முடித்ததும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

ஷேவிங்

ரேசரைக் கைப்பிடியின் கீழ்ப்பகுதியில் விரல் நுனிகளால் பிடியுங்கள். முஷ்டி மடக்கிப் பிடித்தால் அழுத்தம் கூடிவிடும். கிருதாவில் தொடங்கிக் கன்னம், தாடை, கழுத்து, பிறகு மேலுதடு, முகவாய் என்று போகலாம். முடி வளரும் திசையிலேயே, இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். காதிலிருந்து முகவாய் வரை ஒரே இழுப்பாக இழுப்பதெல்லாம் விளம்பரத்துக்குத்தான். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை ரேசரைத் தண்ணீரில் அலசுங்கள். பிளேடுகளுக்கு இடையில் முடி அடைத்துக்கொண்டால் வெட்டாது, உடனே கை அழுத்தும்.

அழுத்தம்தான் முக்கியம். ரேசரின் எடை எவ்வளவோ அவ்வளவுதான் தோலில் இறங்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சுத்தமாக வந்துவிடும்" என்று தோன்றினால், உண்மையில் பிளேடு மழுங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் முடி ஊறவில்லை. இரண்டுக்கும் அழுத்தம் மருந்தல்ல.

சேஃப்டி ரேசர் பிடிப்பவர்களுக்குக் கோணம் கண்டுபிடிக்க ஒரு வழி. நுரை பூசிய கன்னத்தில் ரேசர் தலையின் மேல்மூடி மட்டும் படும்படி வையுங்கள். கைப்பிடி முகத்துக்குக் குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இப்போது பிளேடு தோலைத் தொடாது. அப்படியே மெதுவாகக் கைப்பிடியைக் கீழே இறக்கிக்கொண்டே, ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு ரேசரை நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் "சர்ர்" என்று மெல்லிய சத்தம் கேட்கும், முடி வெட்டுப்படுவது விரலுக்கும் தெரியும். அதுதான் உங்கள் கோணம், தோலுக்கும் பிளேடுக்கும் இடையே சுமார் 30 டிகிரி. இன்னும் கீழே இறக்கினால் சத்தம் மாறும், சுரண்டுவது போல இருக்கும். உடனே கொஞ்சம் உயர்த்துங்கள். முதல் சில வாரங்கள் பாட்டு எதுவும் போடாமல் அமைதியாக ஷேவ் செய்யச் சொல்வது இதற்காகத்தான். கைக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். கைப்பிடி எந்தத் திசையில் நகர்ந்தாலும் சரி, பக்கவாட்டில் மட்டும் ஒருபோதும் நகரக் கூடாது. அறுபடுவது அப்படித்தான்.

தாடைக்குக் கீழே தலையை அண்ணாந்து, மறு கையால் தோலை லேசாக இழுத்துச் சமமாக்கிக்கொள்ளுங்கள். லேசாக என்றால் சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும். உள்வளர்முடி வரும் கழுத்துக்காரர்கள் அதுவும் செய்ய வேண்டாம், இழுத்துப் பிடித்து வெட்டினால் முடி தோலுக்கு அடியில் போய்விடும். குரல்வளை மேட்டின் மேல் நேராக ஓட்டாதீர்கள். அங்கிருக்கும் தோலை விரலால் ஒரு பக்கமாக நகர்த்தி, சமமான இடத்துக்குக் கொண்டுவந்து வழித்துவிட்டு, மறுபக்கத்துக்கும் அப்படியே செய்யுங்கள். மேலுதட்டுக்கு உதட்டைப் பல்லின் மேல் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் மூக்குக்கு அடியில் வரை தோல் விரிந்துகொடுக்கும். கீழுதட்டுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் ரேசரின் முழு அகலமும் உட்காராது. மூலையை வைத்துக் குத்தாமல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன இழுப்பில் எடுங்கள். மச்சத்தைச் சுற்றிப் போங்கள், மேலே வேண்டாம். பருவின் மேலும் அப்படித்தான். பருவைச் சீவிவிட்டால் அதிலுள்ள கிருமி அந்தப் பிளேடோடு முகமெங்கும் போகும், தழும்பும் விழலாம்.

நுரை இல்லாத இடத்தில் பிளேடு போகக் கூடாது. விட்டுப்போன இடம் கண்ணில் பட்டால் ஈரக் கையால் அங்கே கொஞ்சம் நுரை தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படி முகம் முழுவதும் ஒரு சுற்று முடிந்ததும் முகத்தைக் கழுவித் தடவிப் பாருங்கள். முதல் மாதம் முழுக்க இந்த ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். இரண்டடி தள்ளி நிற்கும் எவருக்கும் அந்தச் சொரசொரப்பு தெரியப்போவதில்லை. பிறகு தோல் பழகியதும், தேவைப்பட்டால் மறுபடி நுரை பூசி, முடியின் திசைக்குக் குறுக்கே ஒரு சுற்றுப் போகலாம். எதிர்த்திசை ஷேவிங்கைக் கன்னத்தில் எப்போதாவது செய்துகொள்ளுங்கள். கழுத்தில் எப்போதுமே வேண்டாம்.

முடித்த பிறகு

குளிர்ந்த நீரில் முகத்தைக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் தெளித்து எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது ஆண்மைக்கு அடையாளமும் அல்ல, தோலுக்கு நல்லதும் அல்ல. அது தோலை உலர்த்தும். படிகாரக் கட்டி வைத்திருப்பவர்கள் ஈர முகத்தில் ஒரு முறை லேசாக ஓட்டி, அரை நிமிடம் விட்டுக் கழுவிவிடலாம். தினமும் தேய்த்தால் அதுவும் வறட்சி தரும்.

பருவுக்கு ரெட்டினாய்டு, சாலிசிலிக் அமிலம் போன்றவை பூசுபவர்கள், ஷேவ் செய்த கையோடு அவற்றைப் பூச வேண்டாம். காலையில் ஷேவ், இரவில் மருந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெளியே போவதாக இருந்தால் சன்ஸ்கிரீன் போடுங்கள். எரிச்சல் கண்ட இடத்தில் வெயில் பட்டால் கருமை இன்னும் அழுத்தமாகப் படியும்.

வெட்டுப்பட்டால் பதற வேண்டாம். கழுவிவிட்டு, சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. படிகாரத்தை அந்த இடத்தில் ஒற்றினால் ரத்தம் நிற்கும். ஆனால் ரத்தம் பட்ட படிகாரத்தை வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது.

எரிச்சலா, கட்டியா, வேறு ஏதாவதா

ஷேவ் செய்த சில நிமிடங்களில் சிவந்து எரிந்து, ஓரிரு நாளில் அடங்கினால் அது வெறும் ரேசர் எரிச்சல். ஈரத்துணி ஒத்தடம், மாய்ஸ்சரைசர், அடங்கும் வரை பிளேடுக்கு விடுமுறை. அவ்வளவுதான்.

உள்வளர்முடிக் கட்டி ஷேவ் செய்த ஓரிரு நாள் கழித்து எழும். உற்றுப் பார்த்தால் கட்டிக்குள் வளையமாகச் சுருண்ட முடி தெரியலாம். அதைச் சாமணத்தால் வேரோடு பிடுங்காதீர்கள். மறுபடி முளைக்கும்போது இன்னும் ஆழத்தில் குத்தும். கிள்ளவும் வேண்டாம். மாநிற, கறுத்த தோலில் கிள்ளிய இடம் மாதக்கணக்கில் கரும்புள்ளியாக நிற்கும். பிளேடை மூன்று நான்கு வாரம் ஒதுக்கி வைத்து, ட்ரிம்மரால் மட்டும் சமாளியுங்கள். முடி கொஞ்சம் நீண்டால் தானாக வெளியே வந்துவிடும்.

சில விஷயங்களில் வீட்டு வைத்தியம் கூடாது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் சீழ்ப் புள்ளிகள், பரவும் சிவப்பு, காய்ச்சல் இவை கிருமித்தொற்றின் அடையாளங்கள். ஓரம் தடித்துச் செதில் உதிரும் வட்டப் படை பூஞ்சையாக இருக்கலாம். தட்டையான தலையுள்ள சின்ன மருக்கள் ரேசர் போன தடத்திலேயே வரிசையாக முளைத்தால், அவற்றைப் பரப்புவதே உங்கள் ரேசர்தான். இவை எல்லாவற்றிலும் பிளேடை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பூசாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நாளில் சிவப்பு மறைந்துவிடும், குணமாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும், தொடர்ந்து பூசினால் முகத்தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பிக்கும்.

முடிந்தவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவ் செய்யுங்கள். தினமும் செய்தே ஆக வேண்டிய வேலை என்றால், ஒரே சுற்று, ஒரே திசை.

பிளேடைப் பராமரிப்பதும் தூக்கிப்போடுவதும்

ஷேவ் முடிந்ததும் ஓடும் நீரில் அலசி, உதறி, குளியலறை ஈரத்துக்கு வெளியே காற்றாட வையுங்கள். விளிம்பைத் துண்டாலோ விரலாலோ துடைக்காதீர்கள். கார்ட்ரிட்ஜை ஐந்து முதல் ஏழு ஷேவிங்குக்குள் மாற்றச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி. தடித்த தாடிக்காரர்களுக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டிவரும். சேஃப்டி ரேசர் பிளேடு இன்னும் சீக்கிரம் மாறும். எண்ணிக்கையை விட, முடியைப் பிடித்து இழுக்கிறதா என்று பாருங்கள். முதல் இழுப்பிலேயே இழுத்தால் அந்த ஷேவிங்கை முடித்துவிட்டு மாற்றலாம் என்று நினைக்காமல், அங்கேயே நிறுத்திப் புதியதைப் போடுங்கள்.

ரேசரை யாரோடும் பகிர வேண்டாம், அண்ணன் தம்பியாக இருந்தாலும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி வழியாக ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை தொற்ற வாய்ப்பு உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும், கழுவிவிட்டேன் என்பது போதாது. சலூனில் ஷேவ் செய்துகொண்டால் உங்கள் கண்ணெதிரே புது பிளேடைப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், நல்ல தொழிலாளி யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பழைய பிளேடை அப்படியே குப்பைக் கூடையில் போடாதீர்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் மனிதரின் விரலை அது கிழிக்கும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவில், மேலே பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்டு, பயன்படுத்தியதையெல்லாம் அதற்குள் போட்டு வாருங்கள். நிறைந்ததும் கீறலையும் மூடியையும் டேப்பால் சுற்றி, "பழைய பிளேடு" என்று பெரிதாக எழுதி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கையில் கொடுங்கள்.